கெண்டியும் டவராவும்

சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் பருப்பும் புளியும் பூசணம் பிடிக்காமல் காக்கும் வகை பற்றி எழுதியிருந்தோம். அது பயன்பட்டதென்று சகோதரிகள் சிலர் சங்கக் கூட்டத்தில் நேரிலேயே கூறினர். மகிழ்ச்சி. இத்திங்களும் அடுப்பங்கரையை விட்டு நாம் அகலப் போவதில்லை. ஆயினும் அடுப்பின் அருகிலிருந்தபடியே சற்றுத் தொலைவு சென்று வர எண்ணுகிறோம். செல்லும் இடம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில், ஒருபுறம் மத்தியதரைக் கடலும் மறுபுறம் அட்லாண்டிக் பெருங்கடலும் சூழக் கிடக்கும் மொராக்கோ நாடு.

அந்நாட்டின் பெயர் எமக்குப் புதியதன்று. நாம் பணிபுரிவது கட்டாக் நகரில், இரயில்வே சரக்கு அலுவலகத்தில். பாரதீப் துறைமுகத்தில் மொராக்கோவிலிருந்து பாஸ்பேட் பாறை கப்பலில் வந்து இறங்குகிறது. அதைக் கொண்டு அங்கே உரம் செய்கின்றனர். உர மூட்டைகளை ஏற்றிய வண்டிகளுக்குத் தாள் எழுதுவது எம் அன்றாடப் பணிகளுள் ஒன்று. இரயில்வே ஊழியர் என்ற முறையில் இன்னொரு செய்தியும் அறிந்திருந்தோம். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் தாஞ்சியர் நகருக்கும் காசாபிளாங்கா நகருக்கும் இடையே, ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதலாவதான அதிவேக இரயில் தொடங்கப்பெற்றது. கல்லும் வண்டியும் தெரிந்த எமக்கு, அந்நாட்டு மனிதர் காலையில் எழுந்ததும் என்ன பருகுவர் என்பது தெரியாது. அதை அறிய வேண்டும் என்று எண்ணியதும் இல்லை.

ஆறாம் வகுப்பில் பயிலும் எம் மகள்தான் அதை எண்ண வைத்தாள். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் இல்ல வாழ்க்கை பற்றி இரண்டு பக்கம் எழுதி வருமாறு பள்ளியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டைக் கொடுத்திருந்தனர். அவளுக்கு வாய்த்தது மொராக்கோ. "அந்த ஊர் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் அப்பா?" என்று கேட்டாள். உரத்தின் எடையைச் சொல்ல முடிந்த எம்மால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. தந்தையும் மகளுமாக மூன்று வாரம் தேடிப் படித்தோம். படித்தவற்றை அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை. ஆனால் அதற்கு முன் எம் இல்லத்து நிலையையும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த இரண்டும் பின்னர் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

எம் தந்தையார் மறைந்த பின் அன்னையார் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரை விட்டு எம்முடன் குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. உணவுக்கோ மருந்துக்கோ ஒரு குறையும் வைக்கவில்லை என்றே நாம் கருதியிருந்தோம். எம் துணைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை ஆறு மணிக்கு அவர் நின்றுகொண்டே காப்பி அருந்துவார். எமக்கு முறைப்பணி, ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. எம் காப்பி பெரும்பாலும் அலுவலகத்து வாயிலில், மண் குவளையில் வரும் தேநீராகவே முடிந்துவிடும். மகள் பாலை விழுங்கிவிட்டு ஓடுவாள். அன்னையாருக்கான காப்பி டவராவால் மூடப்பட்டு மேடைமேல் இருக்கும். அவர் தாமே எடுத்து அருந்துவார். ஒரு வீட்டில் நால்வர். நான்கு வேறு நேரங்களில் நான்கு குவளைகள். இது எமக்குக் குறையாகத் தோன்றியதே இல்லை.

ஐப்பசித் திங்களில் ஒரு நாள் அன்னையார், "தை பிறந்ததும் என்னை ஊரில் கொண்டு விட்டுவிடு. இங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?" என்றார். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்டையிலும் பாதி வீடுகள் பூட்டியவையே. அங்கே அவருக்குத் துணை எவரும் இல்லை. நாம் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

இந்நிலையில்தான் மகளுடன் அமர்ந்து மொராக்கோவின் தேநீரைப் பற்றிப் படித்தோம்.

அந்நாட்டார் தம் தேநீரை 'அத்தாய்' என்கின்றனர். அதற்கு வேண்டியவை மூன்றே. முதலாவது, சீனத்துப் பசுந்தேயிலை. இலைகளைத் துப்பாக்கி மருந்துக் குருணைபோல் இறுகச் சுருட்டி உலர்த்திய வகை அது. இரண்டாவது, 'நானா' எனப்படும் புதினா. இலையை மட்டும் ஆய்ந்து கொள்ளாமல் தண்டோடு பிடி பிடியாகச் சேர்ப்பர். மெக்னஸ் நகரத்துப் பக்கம் விளையும் புதினாவுக்குத் தனிப்பெயர் உண்டு. மூன்றாவது, சர்க்கரை. அதுவும் கூம்பு வடிவில் வார்க்கப்பட்ட கட்டிச் சர்க்கரை. இரண்டு கிலோ எடையுள்ள அக்கூம்பு நீலத்தாள் சுற்றி விற்கப்படும். சிறு சுத்தியால் உடைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். திருமணத்திற்கும் பிள்ளைப்பேற்றிற்கும் துக்க வீட்டிற்கும் செல்வோர் அக்கூம்பைக் கையில் கொண்டு செல்வது அந்நாட்டு வழக்கம். நாம் தேங்காயும் பழமும் கொண்டு செல்வதில்லையா, அதுபோல.

தேநீர் செய்வது அங்கே மறைவில் நடக்கும் வேலையன்று. வேலைப்பாடு மிக்க தட்டில் கண்ணாடிக் குவளைகளை அடுக்கி, விருந்தினரின் கண்முன் வைத்தே செய்வர். வீட்டுத் தலைவரோ, அவர் கைகாட்டும் மதிப்புக்குரிய ஒருவரோ அப்பணியை ஏற்பார். உலோகக் கெண்டியில் தேயிலையை இட்டுக் கொதிநீர் சிறிது ஊற்றி, அம்முதற்சாற்றைத் தனியே ஒரு குவளையில் எடுத்து வைப்பர். மீண்டும் சிறிது நீர் ஊற்றிக் குலுக்கி அதைக் கொட்டிவிடுவர். மிகுகசப்பு அதனோடு நீங்கிவிடும். பின்னர், எடுத்து வைத்த முதற்சாற்றைத் திரும்பச் சேர்த்து, நீர் நிறைத்துத் தணல்மேல் வைப்பர். கொதி வந்ததும் புதினாவும் சர்க்கரையும் சேரும். கரண்டியிட்டுக் கலக்குவது முறையன்று. ஒரு குவளையில் ஊற்றி அதைக் கெண்டியிலேயே திரும்ப ஊற்றுவர். இப்படிப் பலமுறை செய்தால் எல்லாம் கலந்துவிடும். இறுதியில் கெண்டியைக் கைக்கெட்டிய உயரம் தூக்கி, நூல்போல் இழை பிடித்துக் குவளையில் ஊற்றுவர். மேலே நுரை கட்டினால்தான் அது தேநீர்.

குளிர்காலத்தில் புதினா குறைந்தால் 'ஷீபா' என்னும் கசப்புத் தழையைச் சேர்ப்பார்கள். அது நம் ஊர்ப் பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது வியந்தோம். தெற்கே பாலைநிலத்து மக்கள் ஒரே இலையில் மூன்று முறை நீரும் சர்க்கரையும் சேர்த்து மூன்று சுற்றுத் தேநீர் தருவர். முதற் சுற்றுக் கசக்கும், இரண்டாம் சுற்று இனிக்கும், மூன்றாம் சுற்று மென்மையாயிருக்கும். மூன்று சுற்றும் முடியுமுன் விருந்தினர் எழுவது நாகரிகமன்று. ஆக, ஒரு வீட்டில் தேநீர் அருந்தப் புகுந்தவர் வெளிவர ஒரு மணி நேரமாவது ஆகிவிடும். எம் அலுவலகத்து வாயிலில் மண் குவளைத் தேநீருக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

இத்துணைச் சடங்கும் பழமையும் கொண்ட இத்தேநீர் அந்நாட்டிற்கு எக்காலத்தில் வந்தது என்று தேடிப் பார்த்தோம். அதுதான் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது.

மொராக்கோவின் மண்ணில் பிறந்து உலகெங்கும் பெயர் பெற்றவர் இபுன் பதூதா. 1304-ஆம் ஆண்டு தாஞ்சியரில் பிறந்து, 1325-இல் ஊரை விட்டுப் புறப்பட்டு, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் அரசில் நீதிபதியாகப் பணிபுரிந்தவர். பின்னர் மலையாளக் கரையும் மாலத்தீவும் ஈழமும் கண்டு, நம் தமிழகத்து மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தானின் மனைவியும் இவர் மனைவியருள் ஒருவரும் உடன்பிறந்தோர். விருந்தினர்க்கு வெற்றிலை கொடுத்து மதிக்கும் நம் நாட்டு வழக்கத்தை அவர் வியந்து எழுதியிருக்கிறார். அதோடு ஒரு மனக்குறையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தென்னாட்டுக் கரைகளிலும் தீவுகளிலும் ஆண்டுக்கணக்கில் சோற்றையே உண்டு உண்டு, கடைசியில் தண்ணீரைக் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்கிறார். கோதுமை ரொட்டி தின்று வளர்ந்தவர் அல்லவா! வெளியூரில் பிழைக்கும் நமக்கு இது நன்றாய் விளங்கும். தட்டில் குறையில்லை, ஆயினும் நாக்கு ஊரைத் தேடுகிறது.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அவ்வாறு ஏங்கிய இபுன் பதூதா, வீட்டை நினைக்கும்போது புதினாத் தேநீரை நினைத்திருக்க முடியாது. அவர் காலத்து மொராக்கோவில் தேநீரே கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியத் தூதர் கொண்டுவந்த பரிசுப் பொருளாகத் தேயிலை அந்நாட்டு அரண்மனைக்குள் நுழைந்தது. நெடுங்காலம் அது செல்வர்களின் பானமாகவே இருந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது ஆங்கில வணிகர்களுக்குக் கிழக்கு ஐரோப்பியச் சந்தை தடைப்பட்டது. விற்காத தேயிலையை அவர்கள் தாஞ்சியரிலும், இப்போது எஸ்ஸவீரா என வழங்கும் மொகதோர் துறைமுகத்திலும் கொண்டு வந்து இறக்கினர். விலை இறங்கியது, தேநீர் சந்துபொந்தெல்லாம் பரவியது. அதை வார்க்கும் கெண்டிகள்கூட இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் செய்யப்பட்டு அங்கே விரும்பி வாங்கப்பட்டன.

சர்க்கரைக்கு மட்டும் அந்நாட்டில் பழங்கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே கரும்பாலைகள் சிறந்திருந்தன. மராக்கெஷ் நகரில் 1578-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட எல் பதீ அரண்மனைக்கு, எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து இத்தாலியச் சலவைக்கல் வாங்கினர் என்பர்.

இலை சீனத்தது, கெண்டி மான்செஸ்டரது, வந்த வழி ஒரு போர். இன்றும் அந்நாட்டில் பருகும் பசுந்தேயிலை சீனத்திலிருந்தே கப்பலேறி வருகிறது. அதைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் மொராக்கோ முன்வரிசையில் இருக்கிறது. எனினும் உலகில் எவரைக் கேட்டாலும் அதை மொராக்கோத் தேநீர் என்றே சொல்வர். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கச் சென்ற மொராக்கோக் குடும்பங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டு போவதும் அந்தக் கெண்டியைத்தான்.

தேநீருடன் அவர்கள் உண்பவற்றையும் சிறிது கூறுவோம். நம் சகோதரிகளுக்கு இவை அயலாய்த் தோன்றா. காலைத் தேநீருக்கு 'மிஸ்மன்' என்றொரு பண்டம். மாவை எண்ணெய் தொட்டு மெல்லியதாய் விரித்து, சதுரமாக மடித்துக் கல்லில் வாட்டுவர். நம் ஊர்ப் பரோட்டாக் கடைகளில் காணும் கைவேலைக்கு நெருங்கிய உறவு. மற்றொன்று 'பக்ரீர்'. ரவையைக் கரைத்துப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு, திருப்பாமல் எடுப்பது. மேற்புறம் முழுதும் ஆயிரம் கண் திறந்திருக்கும். ஆப்பத்தின் கண்களைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. உருகிய வெண்ணெயும் தேனும் அக்கண்களில் இறங்கும்படி வார்த்து உண்பர். தென்மேற்கே சூஸ் பகுதியில் ஆர்கான் மரத்துக் கொட்டையின் எண்ணெயும் வறுத்த பாதாமும் தேனும் சேர்த்து அரைத்த 'அம்லு' என்னும் விழுதை ரொட்டியில் தோய்த்து உண்பர்.

நாள்தோறும் உண்பது 'கோப்ஸ்' என்னும் வட்ட ரொட்டி. வீட்டில் மாவு பிசைந்து, பலகையில் பரப்பித் துணி மூடித் தெருவின் பொது அடுப்புக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவது பழைய நகரங்களின் வழக்கம். அது இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எந்த ரொட்டி எந்த வீட்டினது என்பது அடுப்புக்காரருக்குப் பார்த்ததும் தெரியுமாம்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் குஸ்குஸ். ரவையில் நீர் தெளித்துக் கையால் உருட்டி உருட்டிச் சிறு மணிகளாக்கி, இரண்டடுக்குப் பானையின் மேலடுக்கில் ஆவியில் வேகவைப்பர். கீழடுக்கில் இறைச்சியும் காய்களும் கொதிக்கும். அந்த ஆவியிலேயே மேலே மணிகள் வேகும். ஒருமுறை வெந்ததும் எடுத்து உதிர்த்து மீண்டும் ஏற்றுவர். இரண்டு மூன்று முறை இவ்வாறு. புட்டுக்கு மாவு பிசறி அறிந்த கை இதை எளிதில் பழகிவிடும். ஏழு வகைக் காய்கள் சேர்ப்பது சிறப்பு. 2020-ஆம் ஆண்டு மொராக்கோவும் அல்ஜீரியாவும் துனீசியாவும் மௌரித்தானியாவும் சேர்ந்து விண்ணப்பித்து, குஸ்குஸ் செய்யும் அறிவையும் உண்ணும் வழக்கத்தையும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. ஒரே பெரிய தட்டில் நடுவே குவித்து, வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து, அவரவர் முன்னுள்ள பகுதியை அவரவர் உண்பர். தனித்தட்டு இல்லை. ஆகவே, தனி நேரமும் இல்லை. ஒருவர் வரவில்லையென்றால் தட்டில் அவர் பக்கம் அப்படியே இருக்கும்.

இவ்வரியை மகள் எழுதிக் கொண்டிருந்தபோது, மேடைமேல் மூடி வைத்த டவரா எம் நினைவுக்கு வந்தது.

எல்லாம் இன்பமயம் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்நாட்டு ஏழைத் தொழிலாளர்க்கு ரொட்டியும் இனிப்புத் தேநீருமே ஒருவேளை உணவாய் அமைந்துவிடும் நாள்கள் உண்டு. சர்க்கரையை மிகுதியாய்ச் சேர்ப்பதால் விளையும் நோயைப் பற்றி அந்நாட்டு மருத்துவர் எச்சரிக்கவும் செய்கின்றனர். ஆயினும் உள்ளவன் வீட்டிலும் இல்லாதவன் வீட்டிலும் தேநீருக்கென்று உட்காரும் உட்காரல் ஒன்றுதான்.

மகளின் கட்டுரை முடிந்ததும், செய்தே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எமக்கும் ஓய்வு. சீனத்து உருண்டைத் தேயிலை எம் கடைத்தெருவில் கிடைக்கவில்லை. இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் விளைந்த பசுந்தேயிலை கிடைத்தது. சந்தையில் புதினா ஒரு கட்டு. கெண்டிக்குப் பதிலாக வீட்டிலிருந்த மூக்குள்ள எவர்சில்வர் கெட்டில். கூடத்தில் பாய் விரித்து, தட்டில் நான்கு கண்ணாடித் தம்ளர்களை வைத்தோம். "எனக்கு வேண்டாம், கஷாயம் குடிக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு அன்னையார் அறை வாயிலில் நின்றபடி பார்த்துக் கொண்டிருந்தார்.

வீட்டுத் தலைவர் என்ற உரிமையில் கெட்டிலை முதலில் நாம் தூக்கினோம். தேநீரில் பாதி தட்டிலும் பாதி எம் வேட்டியிலும் வீழ்ந்தது. துணைவி எச்சரிக்கையாய்த் தாழ்த்திப் பிடித்து ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை, நுரையும் வரவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தாள். மூன்றாம் முறையும் நாமே முயலத் தொடங்கியபோது, "இப்படிக் கொண்டா" என்று அன்னையார் வந்து பாயில் அமர்ந்தார். புடவைத் தலைப்பால் பிடியைப் பற்றினார். தம்ளர் வாயில் மூக்கை வைத்துத் தொடங்கி, கையை மெல்ல உயர்த்திக் கொண்டே போனார். தோளுக்கு மேல் கை போயிற்று. இழை அறுபடவில்லை, துளி சிதறவில்லை. தம்ளர் நிறைந்தபோது அதன்மேல் ஒரு விரல் கனம் நுரை நின்றது.

ஐம்பதாண்டுக் காலம் காப்பி ஆற்றிய கை அது. நாம் அதை மறந்துவிட்டிருந்தோம்.

நால்வரும் அருந்தினோம். அன்னையார் இரண்டு வாய் பருகிவிட்டு, "துளசித் தீர்த்தத்தில் சர்க்கரை போட்டாற்போல் இருக்கிறது" என்றார். குற்றமாகச் சொன்னாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை எமக்குத் தெரியாது. ஆனால் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "அந்த ஊரிலும் இவ்வளவு உயரம் தூக்கித்தான் ஆற்றுவார்களா?" என்று பேத்தியைக் கேட்டார். அவள் தன் இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினாள். தேயிலை அந்நாட்டில் விளைவதில்லை, இடையில் வந்ததுதான் என்ற இடத்தில், "நம் வீட்டுக் காப்பியும் அப்படித்தானே!" என்றார் அன்னையார்.

பின்னர் அவர் சொன்னது எமக்கே புதிய செய்தி. அவருடைய பாட்டியார் காலத்தில் வீட்டில் காப்பி கிடையாதாம். விடிந்ததும் நீராகாரம்தான். சென்னையில் வேலை பார்த்த சிறிய தாத்தா ஒரு பொங்கலுக்குக் காப்பிப்பொடி கொண்டு வந்தாராம். "வீட்டுக்குள் இந்தக் கறுப்புத் தண்ணீரா?" என்று கொள்ளுப்பாட்டி ஒரு வாரம் பேசாமல் இருந்தாராம். மறு பொங்கலுக்குள் அவரே டவரா வாங்கிவரச் சொன்னாராம். மணமாகி வந்த புதிதில் ஆற்றத் தெரியாமல் கையைச் சுட்டுக் கொண்ட அன்னையாருக்கு, அவர் மாமியார் வெறுந்தண்ணீரை வைத்து ஒரு மாதம் பழக்கிக் கொடுத்தாராம். இவற்றை அவர் சொல்லி முடிக்கும்போது விளக்கேற்றும் நேரம் தாண்டிவிட்டது. இந்த இரண்டாண்டில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை. பேச மாட்டார் என்று எண்ணியிருந்தோம். பேசுவதற்கு எவரும் எதிரில் உட்காரவில்லை என்பது அன்றுதான் புலப்பட்டது.

வெளியூரில் வாழும் நாம், பிள்ளைகள் நம் மரபை மறக்கிறார்களே என்று அடிக்கடி வருந்துகிறோம். சங்கக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. மரபு என்றால் ஊரிலிருந்து வரும் காப்பிப்பொடி, அப்பளம், வடகம் என்று எண்ணி அவற்றைப் பார்சலில் தருவிக்கிறோம். எம் வீட்டிலும் கும்பகோணத்துப் பொடி ஒரு நாளும் தீர்ந்ததில்லை. பொடி இருந்தது, ஆற்றுவாரும் உடன் அமர்ந்து அருந்துவாரும் இல்லை. மொராக்கோ நாட்டார் சீனத்து இலையைத் தமதாக்கிக் கொண்டது, அதற்கென ஒரு நேரத்தை ஒதுக்கி, வீட்டாரையும் வந்தாரையும் உட்கார வைத்ததனால். நம் கொள்ளுப்பாட்டிமார் காப்பியைத் தமதாக்கிக் கொண்டதும் அதே வழியில்தான். அவ்வுட்காரலை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல பொடியாலும் ஆவது ஒன்றுமில்லை.

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு அளவு கூறுகிறோம். நால்வருக்கு அரை லிட்டர் நீர். பசுந்தேயிலை இரண்டு தேக்கரண்டி. தண்டோடு கழுவிய புதினா ஒரு பெரிய பிடி. சர்க்கரை அவர்கள் அள்ளிப் போடுவார்கள். நமக்கு நான்கு தேக்கரண்டி போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேர்க்காமலே அருந்தலாம். இலையை முன்சொன்னவாறு அலசிய பின் நீர் சேர்த்து இரண்டு நிமிடத்திற்கு மேல் கொதிக்கவிட வேண்டாம், கசந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே புதினாவை அமிழ்த்தி ஐந்து நிமிடம் மூடி வைக்கவும். முன்னரே போட்டால் கறுத்துப் போகும். பால் சேர்க்கலாகாது. ஊற்றும் பொறுப்பை வீட்டில் மூத்தவரிடம் கொடுக்கவும். இவ்வளவில் இதுவே முதன்மையானது.

இப்போது எம் வீட்டில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பாய் விரிகிறது. இரவுப் பணி உள்ள வாரங்களில் நாம் உறக்கத்திலிருந்து எழுந்து வந்தாவது அமர்கிறோம். பெரும்பாலும் காப்பிதான், புதினா மலிந்த வாரங்களில் மொராக்கோத் தேநீர். மற்ற ஆறு நாள்களும் முன்போலவே ஓட்டம்தான். அதை மறைப்பதற்கில்லை.

தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முன்னரே சொன்னபடி ஊருக்குப் போக வேண்டும் என்பதில் அன்னையார் உறுதியாகத்தான் இருக்கிறார். வீட்டைத் திறந்து பார்க்க வேண்டுமாம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டுமாம். சென்ற வாரம் இரயில்வே பாஸ் எழுத உட்கார்ந்தபோது, போவதற்கு மட்டும் எழுதுவதா என்று தயங்கிக் கேட்டோம். அவர் புதினாவை ஆய்ந்து கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "திரும்பி வருவதற்கும் சேர்த்தே எழுது. மாசி பிறப்பதற்குள் வந்துவிடுகிறேன். இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஆற்ற வரவில்லை" என்றார்.

இரண்டு வழிக்கும் சேர்த்து எழுதிவிட்டோம்.